கூப்பிட ஒரு பேர்

“வாலாட்டீ…!”

கொண்டல் காற்றுக்கு எதிரே நின்று அடிவயிற்றிலிருந்து கத்திவிட்டு, ரோழே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிறார். இருநூறு அடி தள்ளி, கரையேற்றிய படகுகளின் ஓரம் அவர் மனைவி ஜோசெஃபின் நிற்கிறார். ஜோசெஃபினின் கை மேலே போகிறது. காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். ரோழே சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, அந்தப் பேரைச் சிவப்புப் பென்சிலால் அடிக்கிறார். அடுத்து, “சாம்பல்நாரை!” என்கிறார். கை எழவில்லை. இன்னொரு தரம் கத்துகிறார். அப்போதும் எழவில்லை. முகத்தில் ஒரு நிம்மதி படர, அந்தப் பேரைச் சுற்றி வட்டம் போடுகிறார்.

ஐப்பசி பிறந்துவிட்டால் கிளிஞ்சல்மேட்டுக் கரையில் காலைதோறும் இந்தக் காட்சிதான். வலை பிரித்துக்கொண்டிருப்பவர்கள் தலை நிமிராமலே சொல்வார்கள்: “சொல்தா கத்த ஆரம்பிச்சிட்டாருடா. பத்து நாள்ல மழை புடிச்சுக்கும்.”

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களுக்குக் காரைக்காலில் சொல்தா என்று பேர். நேரில் பேசும்போது முசே. ரோழே சைகோன் விமானத் தளத்தில் பதினோரு வருஷம் இருந்தவர். விமானம் ஓட்டியதில்லை. தரையில் நின்று, இரண்டு கொடியை ஆட்டி, வந்து இறங்குகிற விமானத்தை இங்கே வா, அங்கே நில் என்று நிறுத்துகிற வேலை. அந்தப் பழக்கம் அறுபத்திரண்டு வயதிலும் கையை விட்டுப் போகவில்லை. பேருந்து நிலையத்தில் ஏதாவது வண்டி பின்னால் வந்தால் போதும், காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கி அதை நிறுத்திவிட்டுத்தான் மறுவேலை. அவர் நிற்கும்போது கண்டக்டர்களும் விசில் அடிக்க மாட்டார்கள். “முசே நிக்கிறாரு, வுடு, ரைட்டு” என்று இருந்துவிடுவார்கள்.

எழுபத்தேழாம் வருஷத்துப் புயலுக்குப் பிறகு வெள்ளத்தில் மாட்டிய ஊர்களுக்கு ஹெலிகாப்டரில் சோற்றுப் பொட்டலம் வந்தது. எங்கே போடுவது என்று மேலே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. குரும்பகரத்துக் களத்து மேட்டில் நூறு பேர் பசியோடு நின்றுகொண்டிருக்க, பொட்டலங்கள் அத்தனையும் அவர்கள் கண்ணெதிரே தண்ணீரில் விழுந்து மிதந்து போயின. அதைப் பார்த்து நின்ற ரோழே, வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஆள் சேர்க்கக் கிளம்பினார். வான்துணைத் தொண்டர் குழு அப்படிப் பிறந்தது. பதினோரு பேர். விமானம் கிடையாது, சம்பளம் கிடையாது. வெள்ளம் வந்தால் மேடான இடத்தில் வெள்ளைத் துணியைக் கூட்டல் குறி போல விரித்து, மூலைக்கு ஒரு மண்மூட்டை வைத்து, ஈர வைக்கோலைக் கொளுத்திக் காற்று எந்தப் பக்கம் என்று புகையில் காட்ட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஹெலிகாப்டர் இறங்குகிற சத்தத்தில் மனிதப் பேச்சு எடுபடாது. அதனால் குழுவுக்குள் ஒரே ஒரு சட்டம். யார் பேர் காதில் விழுகிறதோ அவன் ஏன் எதற்கு என்று கேட்காமல் முன்னால் ஓட வேண்டும். சிவசுப்பிரமணியன் என்று தபால்காரர் ஒருவர் சேர்ந்தார். “அந்தப் பேரக் கூப்புட்டு முடிக்கிறதுக்குள்ள பைலட்டு மெட்ராஸ் போயி டீ குடிச்சிருவான்” என்றார் ரோழே. ஆகவே எல்லோருக்கும் பட்டப்பேர். எல்லாம் பறவைப் பேர்.

அதை அவர் சும்மா வைக்க மாட்டார். புதிதாக வந்தவனைக் காற்றில் நிறுத்திவைத்துவிட்டு, ஒரு பீடி தீருகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். “நிக்கட்டும். பேரு தானா வந்து தோள்ல ஒக்காரும்” என்பார். பிறகு அந்தப் பேரைக் கடற்கரையில் கத்திப் பார்ப்பார். அந்த நாளில், ஜோசெஃபின் கை தூக்கினால்தான் பேர் தேறும். தேறிய பேரை அந்த அம்மாள் வெள்ளைப் பட்டையில் சிவப்பு நூலால் தைத்து, மேல்கையில் கட்டிவிடுவார். தபால்காரர் உள்ளான் ஆனார். குரும்பகரத்து விவசாயி கோவிந்தராசுவுக்குச் செம்போத்து. “ஊர்ல இருக்கிற அழகான பட்சியெல்லாம் வுட்டுட்டு எனக்கு இதுதானா முசே?” என்று அவர் ஒரு மாதம் முறைத்துக்கொண்டிருந்தார்.

கிளிஞ்சல்மேட்டு முத்தையனுக்கு மட்டும் ரோழே பீடி பற்றவைக்கவே இல்லை. வலை இழுத்து உரமேறிய கை, முன்னால் சாய்ந்தே நிற்கிற உடம்பு. கூப்பிடுவதற்கு முன்பே ஓடத் தயாராக இருக்கிறவன். பார்த்த மாத்திரத்தில், “ஆலா” என்றார். கடல் மேல் பறந்து திரிந்து, மீனைக் கண்டதும் தலைகீழாகப் பாயுமே, அந்தப் பறவை. கத்திப் பார்த்தபோது ஜோசெஃபினுக்கு மட்டுமல்ல, அரை மைல் தள்ளிக் கட்டுமரத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டதாம். அப்படியொரு பேர் அதற்கு முன்னும் அமையவில்லை, பின்னும் அமையவில்லை. வாயைத் திறந்தால் வந்து நிற்கும். ரோழே சாதாரண நாளிலேயே பத்துக்கு எட்டுத் தடவை அந்தப் பேரைத்தான் கூப்பிடுவார்.

அதுதான் வினையாயிற்று.

எழுபத்தொன்பதாம் வருஷம் கார்த்திகை. அதே குரும்பகரத்துக் களத்து மேடு. ஹெலிகாப்டர் தென்னை உயரத்துக்கு இறங்கிவிட்ட நேரம், துணியின் ஒரு மூலை மூட்டையை விட்டு நழுவி மேலே எழுந்தது. துணி பறந்து மேலே சுழலும் விசிறியில் சிக்கினால் எல்லோரும் காலி. அந்த மூலைக்குப் பத்தடியில் நின்றவர் கோவிந்தராசு. முதுகைக் காட்டிக்கொண்டு புகைக்கு வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தார். செம்போத்து என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ரோழேயின் வாயில் வந்தது ஆலா. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்ற முத்தையனின் காதில் அது விழுந்தது. ஏன் என்று கேட்கவில்லை. கரை மேல் ஓடிவந்தான். மூன்று நாள் மழையில் ஊறிய கரை அவன் காலடியிலேயே விண்டு விழுந்தது. துணியைக் கடைசியில் கோவிந்தராசுதான் திரும்பிப் பார்த்து, விழுந்து அமுக்கினார். பொட்டலங்கள் சரியான இடத்தில் இறங்கின. கடல் கொண்டுபோகாதவனை, ஒரு வாய்க்கால் கொண்டுபோயிற்று. மறுநாள் மதகடியில் கிடைத்தான். கைப்பட்டை கையிலேயே இருந்தது.

“எம் பேரு நல்லாருந்திருந்தா நான்ல போயிருப்பேன்” என்று கோவிந்தராசு காரியம் முடிகிறவரை சொல்லிச் சொல்லி அழுதார்.

அன்றிலிருந்து ரோழே அந்தப் பேரைச் சொல்வதில்லை. குழுவில் யாரையும் சொல்ல விடுவதும் இல்லை. பட்டையைத் துவைத்து, தகரப் பெட்டியில் தன் மெடல்களுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் வாயில் நுழையாத பேர், காற்றில் எடுபடாத பேர். அரிவாள்மூக்கன், தண்ணீர்க்கோழி என்று. கேட்காத பேர் யாரையும் கொல்லாது என்பது அவர் கணக்கு. கேட்காத பேரால் காப்பாற்றவும் முடியாது என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் ஜோசெஃபினின் கை எழாதபோது வருகிற நிம்மதி, வீட்டு வாசல் வருவதற்குள் தொலைந்துபோகிறது.

இந்த ஐப்பசியில் அஞ்சுகம் வந்தாள். முத்தையனின் மனைவி. கூடையில் மீன் எடுத்துப் போய் விற்கிறவள். “மீனோ…வ்” என்று அவள் ஒரு முனையில் குரல் கொடுத்தால், நாலாவது தெருவில் சட்டி எடுத்துக்கொண்டு வெளியே வருவார்கள். குழுவில் சேர வேண்டும் என்றாள். ரோழே அவளைக் காற்றில் நிறுத்தவில்லை, நேராகப் பார்க்கவும் இல்லை. அடுத்த ஞாயிறு பார்ப்போம் என்றார். அடுத்த ஞாயிறும் அதையே சொன்னார்.

மூன்றாம் ஞாயிறு, ஒத்திகைக்குத் துணி விரித்துக்கொண்டிருக்கும்போது, அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு எதிரே வந்து நின்றாள்.

“எனக்குப் பேரு வச்சீங்களா இல்லியா முசே?”

“வரலியேம்மா.”

“வந்திருக்கும். வாயிலதான் வரல.”

கோவிந்தராசு குறுக்கே வந்து, “அஞ்சுகம், வேணாம்மா, முசேவுக்கு மனசு சரியில்ல” என்றார்.

“நீ இரு அண்ணே. அஞ்சு வருசமா எல்லாரும் மனசு சரியில்லாமதான் இருக்கீங்க. எனக்கு என்னா இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல.” அவள் ரோழேயின் பக்கம் திரும்பினாள். “கல்யாணமாகி ஒம்பது வருசம். புருசன் பேரச் சொல்லக் கூடாதுன்னு வளத்துட்டாங்க. ஏங்க, இந்தாங்க, அவ்ளோதான். அலையில அவரு தூரத்துல இருப்பாரு, ஏங்கன்னா கேக்குமா? நீங்க ஒரு பேரு வச்சீங்க. அது அப்பன் ஆத்தா வச்ச பேரு இல்ல, சொன்னா குத்தமில்ல. ஒரே வருசம் முசே. கரையில நின்னு வாய் நெறையக் கூப்புட்டேன். கூப்புட்டா திரும்பிப் பாப்பாரு. அவரு போனது விதின்னு வச்சுக்கலாம். எனக்கு அவரக் கூப்புட இருந்தது அது ஒண்ணுதான். அதையும் பொட்டியில வச்சுப் பூட்டிட்டீங்க.”

பதினோரு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர் ரோழே. ஒரு மீன்காரியின் முன்னால் அவர் கை இரண்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கின.

“கட்டிக்கம்மா” என்றார் கடைசியில். “அந்தப் பேர நீயே கட்டிக்க.”

“எனக்கு எதுக்கு? என் பேர நானே கூப்புட்டுக்குவேனா? பத்து நாளா ஒங்களையும் அம்மாவையும் பாக்குறேன். ஒங்க தொண்டை செத்துப்போச்சு. இனிமே நான் கூப்புடுறேன். கூப்புட்டா ஓடணும்ங்கிறது சட்டந்தானே? மத்தவங்களுக்கு மட்டுமா அது?”

ரோழேவுக்கு அதுநாள் வரை பட்டப்பேர் கிடையாது. கூப்பிடுகிறவனுக்கு எதற்குப் பேர் என்று சொல்லிச் சிரித்தவர் அவர்தான். ஜோசெஃபின் ஒன்றும் கேட்காமல் வீட்டுக்கு நடந்தார். திரும்பி வரும்போது கையில் அந்தப் பட்டை இருந்தது. சிவப்பு நூல் சாயம் போய் ரோஸ் நிறமாகியிருந்தது. கணவரின் இடது கையைத் தூக்கி, அவரே கட்டிவிட்டார்.

அஞ்சுகம் படகுகளின் ஓரம் போய் நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். விரித்த துணிக்கும் அவளுக்கும் நடுவே காற்று மணலை வாரிக்கொண்டு போயிற்று. அவள் கடலைப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து, ஐந்து வருஷத்தையும் சேர்த்துக் கூப்பிட்டாள்.

“ஆலா…!”

முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள்கிற மனிதர் ஓடினார். முத்தையனின் கைக்கு அளவெடுத்த பட்டை, கிழவரின் மெலிந்த கையில் நிற்காமல் முழங்கைக்கு இறங்கிற்று. அது கழன்று விழுந்துவிடாமல் வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வெள்ளைத் துணியை நோக்கி, அவர் ஓடிக்கொண்டே இருந்தார்.