படகில் ஏற நின்ற வரிசை

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் ஒரு பலகை இருந்தது. இங்கிருந்து ஏற எத்தனை நிமிடம் ஆகும் என்று சிவப்பு எழுத்தில் ஒளிர்ந்தது. வந்தவர்கள் அதைப் பார்த்து, முகத்தைச் சுளித்து, நிற்பதா வேண்டாமா என்று பேசிக்கொண்டார்கள். அம்மா மட்டும் அதன் முன்னால் நின்றுவிட்டாள். அவளுக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது.

"அறுவதுன்னு கீது. இன்னாது அறுவது?"

"நிமிஷம்மா. இங்க நின்னா ஒரு மணி நேரத்துல ஏறிடலாமாம்."

"எவ்ளோ நேரம் காத்திருக்கணும்னு முன்னாடியே சொல்லிடறாங்களா?"

"ஆமா."

அம்மா பலகையை மறுபடியும் ஒருமுறை பார்த்தாள். "நல்ல ஊருடி இது" என்றாள்.

அவள் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. கோவளத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு குப்பம் எங்களுடையது. அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போனவர். அவர் கொண்டுவரும் மீனை அம்மா கூடையில் எடுத்துக்கொண்டு தாம்பரம் பக்கத்துக் காலனிகளில் விற்றாள். விடிவதற்கு முன்னால் போன படகு வெயில் ஏறும்போது வரும். காற்று மாறினால் பிந்தும். வலை எதிலாவது சிக்கினால் பிந்தும். இஞ்சின் நின்றுபோனால் எப்போது வரும் என்று சொல்ல ஆள் கிடையாது. அம்மா வெறும் கூடையோடு மணலில் உட்கார்ந்திருப்பாள். மற்றப் பெண்களோடு பேசுவாள், சண்டை போடுவாள், வெற்றிலை மெல்லுவாள். கண் மட்டும் கடலில் இருக்கும். அந்தக் கரையில் எந்தப் பலகையும் எந்த நிமிடத்தையும் சொன்னதில்லை.

நாங்கள் வந்தது அந்தப் பூங்காவின் கப்பலுக்காக. கப்பல் என்றால் நிஜக் கப்பல் இல்லை. இரண்டு பெரிய இரும்புக் கால்களுக்கு நடுவே தொங்கும் படகு. முன்னும் பின்னும் ஆடி ஆடி, கடைசியில் வானத்தைப் பார்க்கும் அளவுக்கு ஏறும். இரும்புலியூரில் வீடு எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் பாடம் நடத்துகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். இதை எங்கே சொன்னாலும் என் தலை சற்று நிமிரும்; நிமிரட்டும். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போனபோதுதான் அந்தக் கப்பலைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்திருந்த அம்மாவிடம், அலை தாண்டுகிற படகு போலவே அது எழும்புகிறது என்றும் பெண்களும் உட்காருகிறார்கள் என்றும் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது, கிழங்கான் மீனை ஆய்ந்துகொண்டே நிமிராமல் கேட்டாள்.

"அந்தக் கப்பல்ல நம்மள மாதிரி ஆளுங்கள ஏத்துவாங்களா?"

எனக்கு நினைவு தெரிந்து அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

அது ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் குப்பத்தில் பெண்கள் படகில் ஏறுவதில்லை. தண்டோரா போட்டுத் தடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஏறுவதில்லை, அவ்வளவுதான். கரையை ஒட்டி அலைகள் உடையும் இடம் ஒன்று உண்டு. படகு அதைத் தாண்டும்போது முன்பக்கம் செங்குத்தாக எழுந்து, பிறகு அடியில்லாத இடத்தில் விழுவதுபோல் விழும். அப்பாவின் இடம் அந்த முன்பக்கம். கரையிலிருந்து பார்க்கிற அம்மாவுக்கு, ஒரு கணம் அவர் தெரிவார், மறு கணம் படகே தெரியாது. அது எப்படி இருக்கும் என்று அவள் கேட்கும்போதெல்லாம் அப்பா ஒரே பதிலைச் சொல்வார். "ஊஞ்சல் மாதிரிதான். ஒரு தூக்கு தூக்கும், ஒரு இறக்கு இறக்கும். அதுல இன்னா கீது?"

கடல் அவரை எடுக்கவில்லை. நான் கல்லூரியின் கடைசி ஆண்டில் இருந்தபோது மஞ்சள் காமாலை எடுத்தது. அதற்குப் பிறகு அம்மா மற்றவர்களின் படகில் வரும் மீனை ஏலத்தில் எடுத்து விற்கிறாள். அவர் ஆயிரம் முறை தாண்டிய அந்த இடம் எப்படி இருந்திருக்கும் என்பதை ஒரே ஒரு தடவை தன் உடம்பில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதை அவள் இப்படி வார்த்தையாகச் சொல்லவில்லை. கேட்டு முடித்ததும் மீனை ஆய்ந்த கை நின்றதிலேயே எனக்குப் புரிந்தது.

அவளுக்கு ஓய்வு கிடைப்பது மீன்பிடித் தடைக்காலத்தில்தான். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது; ஃபைபர் படகுகள் போனாலும் கூடை நிறையாது. பள்ளிகளுக்குக் கோடை விடுமுறையும் அப்போதுதான். ஆகவே அம்மா வரக்கூடிய நாளும் பூங்காவின் வரிசை மிக நீளமாக இருக்கும் நாளும் ஒன்றாகிவிட்டன.

தகரக் கொட்டகைக்குள் கம்பி கட்டி, போய்த் திரும்பி, போய்த் திரும்பி வரும் வரிசை அது. நுழையும் இடத்தில் அம்மா செருப்பைக் கழற்றித் தூணோரமாக வைத்தாள்.

"இன்னாத்துக்கும்மா கழட்டற? தரை கொதிக்கும்."

"படகுல ஏறப் போறோம்ல."

எங்கள் ஊரில் கரையேற்றி வைத்திருக்கும் படகின் பக்கத்தில்கூட யாரும் செருப்போடு போவதில்லை. கப்பல் வரை போய்க் கழற்றிக்கொள்ளலாம் என்று நான் போட்டுக்கொண்டே நின்றேன்.

ஒரு ஆட்டத்துக்கு எத்தனை பேர், எத்தனை நிமிடம், எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று மனதுக்குள் வகுத்துப் பார்த்து, பலகை சொல்வதைவிடச் சீக்கிரமே ஏறிவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "படிச்சவ சொன்னா சரிதான்" என்றாள். ஆனால் பக்கத்தில் இன்னொரு குறுகிய வழி இருந்தது. கூடுதல் கட்டணச் சீட்டு வாங்கியவர்கள் அதன் வழியாக வந்து நேராக ஏறினார்கள். என் கணக்கில் அவர்கள் இல்லை. நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். நடுவழியில் இன்னொரு பலகை இருந்தது. அதிலும் அறுபது என்றே போட்டிருந்தது.

"உன் கணக்கு வாத்தியார் யாருடி?" என்று கேட்டுவிட்டு அம்மா கால் மாற்றி நின்றாள்.

வளைந்து வளைந்து போகும் வரிசையில் ஒரே முகங்கள் திரும்பத் திரும்ப எதிரே வரும். நாலாவது வளைவுக்குள் அம்மாவுக்கு எல்லோரும் பழக்கமாகிவிட்டார்கள். எங்களுக்குப் பின்னால் கணவனும் மனைவியும் ஒரு பெண் குழந்தையோடு நின்றார்கள். அவர்கள் சேலையூர் என்று தெரிந்ததும், எந்தத் தெருவில் எந்த மீன் போகும் என்று அம்மா ஆரம்பித்துவிட்டாள். எதிரே கல்லூரிப் பையன்கள் நாலு பேர்.

"மச்சான், ஒன் அவர் நின்னு ரெண்டு நிமிஷம் ஆடறதுக்கு பேசாம ரூம்லயே தூங்கிருக்கலாம்டா" என்றான் ஒருவன்.

"கண்ணாலத்துக்கு எத்தினி வருசமா நின்னுகினு கீற?" என்றாள் அம்மா. "அங்கயும் தாலி கட்ட ரெண்டு நிமிஷந்தான்."

அவன் நண்பர்கள் அவன் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தார்கள். பின்னால் நின்ற அம்மணியும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் கப்பல் நெருங்க நெருங்க அம்மாவின் பேச்சு குறைந்தது. ஒவ்வொரு முறை அது மேலே போகும்போதும் எழுந்த கூச்சலைக் கவனித்துக் கேட்டாள். "ஊஞ்சல்ல யாராவது இப்படிக் கத்துவாங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

கடைசிப் படிக்கட்டுக்கு முன்னால் சீருடை போட்ட ஒரு இளம்பெண் நின்றாள். பக்கத்துத் தூணில் ஒரு மஞ்சள் கோடு. எங்களுக்குப் பின்னால் நின்ற குழந்தையை அதனடியில் நிறுத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கை அம்மாவைக் காட்டியது.

"அக்கா, ஒரு நிமிஷம் இங்க நில்லுங்க."

"அது பசங்களுக்குத்தானே மேடம்? இவங்க பெரியவங்க" என்றார் சேலையூர்க்காரர்.

"வயசு பார்க்கறதில்ல சார். உயரம் இல்லன்னா கம்பி சரியா பிடிக்காது."

அம்மா தூணில் முதுகை ஒட்டி நின்றாள். கோடு அவள் தலைக்கு மேலே, ஒரு விரல் அளவு தள்ளி இருந்தது.

அம்மா இவ்வளவு சிறியவள் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். என் மனதில் அவளுடைய உயரம் கூடையோடு சேர்ந்த உயரம். பாவாடை கட்டிய வயதிலேயே அந்தத் தலையில் பாரம் ஏறிவிட்டது. என் தலையில் அதை ஏற்ற அவள் ஒருநாளும் விட்டதில்லை. நான் அவளைவிட ஒரு தலை உயரம்.

"மச்சான், மீன் கூடைய தலைல வெச்சா பாஸ் ஆயிடுவாங்கடா" என்றது அதே கல்லூரிப் பையனின் குரல்.

"கூடை வெச்சா உன்னிய விட ஒசரம்டா நானு" என்றாள் அம்மா. ஆனால் அந்தக் குரலில் பழைய தெம்பு இல்லை. அவள் கண் கப்பலின் மேல் இருந்தது.

"செருப்பு எங்கக்கா?" என்று கேட்டாள் சீருடைப் பெண். "செருப்போடதான் அளக்கணும்."

"வெளிய வுட்டுட்டேம்மா."

"அய்யோ, ஏன்?"

"படகுன்னு சொன்னாங்க."

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. எங்கள் ஊர் வழக்கத்தை நான் இரண்டு வரியில் சொன்னேன். அவள் பரிவோடுதான் கேட்டாள். ஆனால் செருப்பை எடுக்க வெளியே போனால் மறுபடியும் வரிசையின் கடைசியில் இருந்துதான் வர வேண்டும், அதை மாற்றத் தன்னால் முடியாது என்றாள். நான் என் செருப்பைக் கழற்றி அம்மாவின் காலடியில் வைத்தேன்.

"மாட்டேன்" என்றாள் அம்மா. "படகு வாசல்ல வந்து செருப்பு மாட்றதா? ஏறலைன்னாலும் பரவால்ல, வா போலாம்."

பின்னால் வரிசை முழுதும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இல்லை, பயமாக இருந்தது. இவள் இப்போது திரும்பினால் இனி ஒருபோதும் கேட்கமாட்டாள் என்று தெரியும்.

"எம்மா, படகு அங்க கீது. நாம இன்னும் கரையிலதான நின்னுகினு கீறோம்? அப்பா கரையில செருப்பு போட்டுகினுதான இருப்பாரு?"

அம்மா தரையைப் பார்த்தாள். படிக்கட்டைப் பார்த்தாள். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, தன் காலுக்குப் பெரிதான அந்தச் செருப்பில் நுழைந்து, தூணில் ஒட்டி நின்றாள். கோடு அவள் உச்சி வகிட்டைத் தொட்டது.

"போங்கக்கா" என்றாள் சீருடைப் பெண். "மேல ஏறதுக்கு முன்னாடி எல்லாரும் செருப்ப கழட்டி அந்த ரேக்ல வெச்சிடுங்க."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பார்த்தியா? இவங்களுக்கும் தெரிஞ்சுகீது."

"ஆடும்போது கழண்டு யார் தலையிலயாவது விழும்க்கா, அதான்" என்று அந்தப் பெண் சொன்னது அம்மாவின் காதில் விழவில்லை. அவள் குனிந்து கப்பலின் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். பிறகு நேராகக் கோடியில் இருந்த இருக்கைக்குப் போனாள். அதுதான் அதிக உயரம் ஏறும் என்று நான் சொன்னேன். "உங்கப்பா நிக்கற எடம் முன்னாடிதான" என்றாள். கம்பி எங்கள் மடிமேல் இறங்கியது. சீருடைப் பெண்ணே வந்து, அம்மாவின் பக்கத்துக் கம்பியை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனாள்.

முதலில் அது ஊஞ்சலாகத்தான் இருந்தது. அம்மாவின் முகத்தில் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு வீச்சுக்கும் உயரம் கூடியது. உச்சியில் ஒரு கணம் எல்லாம் நின்று, உடம்புக்கு எடையே இல்லாமல் போய், பிறகு கீழே இருந்த ஊரே எங்களை நோக்கி எழுந்து வந்தது. முன்னும் பின்னும் எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். அம்மா கத்தவில்லை. கம்பியைப் பிடித்த கைகள் வெளுத்திருந்தன. கண்ணை மூடவும் இல்லை. இறங்கும் ஒவ்வொரு முறையும் எதிரே இல்லாத தண்ணீரைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கியதும் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கப்பலுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்ச் இருந்தது. அதில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் பாட்டிலைக் கையில் வைத்திருந்தாள்.

"ஊஞ்சல்னாரு" என்றாள்.

"ஆமாம்மா."

"ஊஞ்சலாடி இது?"

விழும்போது வயிறு ஏன் மேலே எழுகிறது என்று என் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். அது இங்கே வேண்டியதில்லை.

"தெனம் டீய குடிச்சிட்டு, துண்ட ஒதறி தோள்ல போட்டுகினு, கடைக்குப் போற மாதிரி போவாரு. நானும் கம்முனு குந்திகினு இருப்பேன், ஊஞ்சல்தானேன்னு. இத்தினி பயத்த வெச்சிகினா போனாரு?"

"அப்பாவுக்குப் பழகிருக்கும்மா."

"இதெல்லாம் பழகாது" என்றாள் உறுதியாக. பாட்டிலைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "ஒரு நாளு, பயமா கீதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா..." என்று நிறுத்தினாள்.

"சொல்லிருந்தா?"

"போவாதேன்னு சொல்லிருப்பேன். அதுக்குத்தான் சொல்லல."

முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "பெரிய பொய்யன்டி உங்கப்பன்" என்றாள். அவரைப் பற்றி இவ்வளவு பெருமையாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

வெயில் தாழ்ந்திருந்தது. வேறு ஆட்டம் எதற்காவது போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். எதிரே அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு கப்பல் கிளம்பியது. அந்தக் கல்லூரிப் பையன்கள் அதில் கை வீசினார்கள். அது உச்சிக்குப் போன ஒவ்வொரு தடவையும் அம்மாவின் கை பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தது. இறங்கி வந்த பிறகுதான் விட்டது. கடைசி ஆட்டம் முடிந்து கப்பல் அசையாமல் நிற்கும்வரை நாங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.