சிவப்பு வானமும் மனிதக்குரங்கும்

சங்கராபுரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. பிள்ளைகளை முன்னால் நிறுத்திப் படம் பிடிக்க, பெரிய படுதாவில் மனிதக்குரங்கு வேண்டும் என்றார் முதலாளி. காலண்டரில் வந்த கொரில்லா படம் ஒன்றைக் கொடுத்தார். "காடும் நெஜம் மாதிரி இருக்கணும் பெயிண்டரே."

குரங்கைக் காலண்டரைப் பார்த்து வரைந்தேன். காட்டுக்கு எதையும் பார்க்கவில்லை. கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கியவன் நான். கடுக்காய் மரம், மூங்கில், ஈரப்பாறை. பாறைமேல் உட்கார்ந்து அது தழை தின்றது. மயிர் மயிராக இழுத்தேன். முதலாளி பார்த்துவிட்டு, "எங்க மச்சான் மாதிரியே கீதுய்யா" என்றார்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். சாலையில் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. நடந்துதான் வேலைக்கு வந்தேன். முந்தின வாரம் போராட்டக்காரர்களுக்குச் சுவரில் கொடி வரைந்து கொடுத்திருந்தேன். மேலே சிவப்பு, கீழே பச்சை. பெயிண்ட் மிஞ்சியது. மிஞ்சினதைக் கொட்டுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. பச்சை காட்டுக்குப் போயிற்று. சிவப்பைச் சாயங்கால வானத்துக்கு அடித்தேன்.

படுதாவைக் காய ஸ்டுடியோ வாசலில் தொங்கவிட்டோம். மரம் வெட்டிவிட்டு வந்த சிலர் எதிர்க்கடையில் டீ குடித்தார்கள். கோடாலிகளில் புளியமரச் சிராய் ஒட்டியிருந்தது. படுதாவையே பார்த்தார்கள். ஒருவன் எழுந்து வந்தான்.

"யாரு வரைஞ்சது?"

"நாந்தாங்க."

"எங்க கொடிய விரிச்சி நடுவுல கொரங்கக் குந்த வெச்சிகீற."

அப்போதுதான் நானும் பார்த்தேன். கொடிதான்.

"மிச்ச பெயிண்டுங்க. வேற ஒண்ணும் நெனக்கலீங்க."

"எந்த ஊரு நீ?"

சொன்னேன்.

"ஊரா, காலனியா?"

முதலாளி உள்ளே போய்விட்டார்.

"காலனிங்க."

அவன் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தான். அவர்களும் எழுந்து வந்தார்கள்.

கறுப்பைக் குழைத்து, சிவப்பின்மேல் மழை மேகம் இழுத்தேன். நின்று பார்த்தார்கள். "மேகம் நல்லாத்தான் போடற" என்றான் ஒருவன். முதலில் வந்தவன், "நாளைக்கு உங்க பக்கந்தான் வர்றோம். அங்க எத்தினி கொரங்கு கீதுன்னு பாக்கறோம்" என்றான்.

வெட்டின மரங்களைத் தாண்டித் தாண்டி, வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர்ந்தேன். பிள்ளைகளோடு மலையடியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்பச் சொன்னேன் மனைவியிடம்.

"இன்னா ஆச்சி?"

"கெளம்பு."

சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வடித்து, பானையோடு தூக்கிக்கொண்டாள். பக்கத்து வீடுகளிலும் சொன்னேன். "ஒரு கொரங்குப் படத்துக்காடா வூட்ட வுட்டு ஓடற?" என்று சிரித்தார்கள். சிலர்தான் கூட வந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் மலையடியிலிருந்து பார்த்தால் எங்கள் ஊர்ப்பக்கம் புகை. ஒரு கூரையின் புகை இல்லை அது.

"நம்ம வூடுமா?" என்றாள் மனைவி.

வீட்டை நான் நினைக்கவில்லை. வராதவர்கள் அங்கே இருந்தார்கள். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தேன்.