கீழே, சின்ன எழுத்தில்

வசந்தன் கூத்துப் பாட்டு மெட்டுகளைப் பற்றி முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு சங்கீத ரீச்சரிடம் அந்த மெட்டுகளின் ஸ்வரக் குறிப்புகள் கையால் எழுதிய ஒரு கொப்பியில் இருந்தன. எங்கும் அச்சில் வராதவை. பதினொரு பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு கொப்பியைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த மாதம் கடல் வந்தது. ரீச்சர் உயிர் தப்பினார். வீடும் கொப்பியும் போயின.

அந்தப் பதினொரு பக்கத்தை வைத்துத்தான் மூன்றாம் அத்தியாயத்தை எழுதினேன். மேற்பார்வையாளர் அடிக்குறிப்பைப் பேனையால் சுழித்தார்.

"வெளியிடாத பிரதி எண்டா, ஆர் எழுதினது, இப்ப ஆரிட்டக் கிடக்கு, அவங்கட சம்மதம் இருக்கா, எல்லாம் வேணும்."

ரீச்சரை, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த தற்காலிகக் கொட்டிலில் தேடிப்பிடித்துக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"அது நான் எழுதினது இல்லகா. கொக்கட்டிச்சோலையில தையல்காரி ஒராள், என்னோட சங்கீதம் படிச்சவ. அவட கொப்பியைப் பாத்து நான் எழுதினனான்."

இரண்டு வருடமாக நான் பிழையான ஆளின் பெயரைப் போட்டு வைத்திருந்தேன்! உடனே போய்ப் பார்க்கவும் வழியில்லை. கொக்கட்டிச்சோலை இருக்கும் வாவியின் அந்தப் பக்கத்தில் சண்டை தொடங்கியிருந்தது. சனம் இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. ஆய்வுக்குத் தவணை நீடிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

கிழக்கில் சண்டை ஓய்ந்து சனம் ஊர் திரும்பிய பிறகு, மண்முனையில் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடந்தேன். ஒவ்வொரு கடையாக விசாரித்து அந்தத் தையல்காரியைக் கண்டபோது பாடசாலைச் சீருடை ஒன்றுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். வந்த காரணத்தைச் சொன்னேன். மெசினை நிறுத்தினார்.

"அந்தக் கொப்பியோ? மூணு முகாமுக்கும் கொண்டு திரிஞ்சனான்."

உள்ளே போய், வெட்டுத் துணியில் சுற்றிய கொப்பியை எடுத்துவந்தார். என் பிரதியைப் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டோம். நான்காம் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"இஞ்ச ஒரு சுழி வரவேணும். இதில விடுபட்டுப் போச்சு."

அவருடைய கொப்பியில் காந்தார ஸ்வரத்தின் தலையில், அசைவைக் காட்டப் பாம்புபோல ஒரு சின்னக் கோடு. பார்த்து எழுதியபோது ரீச்சர் அதை விட்டுவிட்டார். கோடு இல்லாவிட்டால் மெட்டு கரகரப்பிரியா ராகத்தில் ஒழுங்காக உட்காரும். அப்படித்தான் நான் நாற்பது பக்கம் வாதாடியிருந்தேன்.

"பாடிக் காட்டுங்கோ அக்கா."

பாடினார். அந்தக் காந்தாரம் சாதாரணம், அந்தரம் என்ற இரண்டு இடத்திலும் நிற்காமல் நடுவில் ஆடியது. எந்த ராகத்துக்குள்ளும் அது அடங்கவில்லை. என் அத்தியாயம் அப்படியே சரிந்தது. எனக்கோ எழும்பித் துள்ளலாம்போல் இருந்தது. திரும்பத் திரும்பப் பாடச் சொன்னேன்.

சம்மதக் கடிதத்தை நீட்டியபோது கேட்டார்:

"என்ர பேர் எங்க வரும்?"

"கீழ, அடிக்குறிப்பில. சின்ன எழுத்தில."

"சின்ன எழுத்திலயோ?" கொஞ்சம் யோசித்தார். "முழுப்பேரையும் போடுங்க. ஊரையும் போடுங்க."

திரும்பும் பாதையில் நின்றபடியே மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்தேன். என்ஜின் சத்தத்துக்கு மேலாகக் கத்திச் சொன்னேன். அவர் கேட்டார்:

"அப்ப மூண்டாம் அத்தியாயத்தை முதல்ல இருந்து எழுதவேணும், தெரியும்தானே?"

"ஓம் சேர்!" என்றேன். அருகில் சைக்கிளோடு நின்றவர், எனக்கு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டார்.