தோளில் ஒரு பெயர்

முட்டையைக் கல்லில் ஒரே தட்டுத் தட்டி, உள்ளங்கைக்கு அடியில் ஒரு உருட்டு உருட்டி, சட்டையைக் கழற்றுவதுபோல ஓட்டை உரித்தெடுப்பாள் ஒச்சாயி. அந்த நேரம் சாலையில் ஏதாவது ஜீப் வேகம் குறைத்தால் போதும், கை நின்றுவிடும். இடது முன்கையில் பச்சை குத்திய இரண்டு பெயர்களை வலது கை போய் மூடிக்கொள்ளும். ஜீப் தாண்டிப் போன பிறகுதான் முட்டைக்கு உப்பும் மிளகும் விழும்.

மேலே இருக்கும் பெயர் சங்கிலி. அண்ணன், கார்கிலுக்குப் போனவன். கீழே இருப்பது சிவபாண்டி. கணவன், லடாக் எல்லையில் நடந்த சண்டையில் போனவன். கணவன் பெயரை அவள் வாயால் சொல்வதில்லை. "கீழ இருக்கவரு" என்பாள். இரண்டு சேதியும் ஜீப்பில்தான் வந்தன.

பசுமலையைத் தாண்டியதும் வரும் மைதானத்தில், ராணுவத் தேர்வுக்கு ஓடிப் பழகும் பையன்களுக்கு விடிகாலையில் அவள் கடைதான். கேப்பைக்கூழ், அவித்த முட்டை, கூடவே வசவு.

"எலே, நிக்கிறப்ப முட்டி ரெண்டும் இடிக்குது பாரு. ஒனக்கு எதுக்கு மிலிட்டரி? கல்யாண மண்டபத்துல பந்தி விசாரிக்கப் போ."

"வாயக் கழுவு அத்தே!"

அவர்களில் ஒருவன் அவளுடைய ஒரே மகன் மருது. மார்கழி பிறந்ததிலிருந்து அவன்தான் முதலில் கோட்டைத் தொடுகிறான். அவன் கடைசிச் சுற்றுக்குத் திரும்பும்போது மட்டும் ஒச்சாயிக்கு வசவு வராது. பயிற்சி கொடுக்கும் பழைய ராணுவக்காரர் சோணைமுத்து, "ஒன் மகன எவனும் கழிக்க முடியாது தாயி" என்பார். "ஆகட்டும்ணே" என்று பானைக்குள் அகப்பையை விடுவாள். கலக்கிய கூழையே கலக்கிக்கொண்டிருப்பாள்.

"ரெண்டு பேரக் குடுத்தும் துணிஞ்சு நிக்கிறா பாரு" என்று ஊர் மெச்சியது. மகனிடம் அவள் ஒரே ஒரு முறைதான் வாயைத் திறந்தாள்.

"கப்பலூர் கம்பெனியில ஆள் எடுக்குறாங்களாம்டா."

"இன்னொருக்கா இப்படிப் பேசுன, சொல்லாமக் கொள்ளாமப் போயிருவேன்மா."

அத்தோடு விட்டுவிட்டாள்.

கணவனுக்குத் திதி கொடுத்த அன்று, மகனைத் திருப்பரங்குன்றத்தில் பச்சை குத்தும் கடைக்குக் கூட்டிப் போனாள். "ஒங்கப்பா பேரு ஒன் மேல இருக்கட்டும்" என்றாள். மருதுவுக்குக் கண் கலங்கிவிட்டது. முன்கையை நீட்டினான்.

"அங்கிட்டு வேணாம். தோள்ல குத்து."

"மிலிட்டரில ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம்மா?"

"ஒங்க மாமன் கையில சாமி பேரு இருந்துச்சே, எடுக்கலையா? சட்டைக்குள்ள இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா கண்ணு படும்."

ஊசி ஓடி முடியும்வரை அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அவளும்தான்.

தேர்வு நாளில் மருது முதல் ஆளாக ஓடி வந்தான். மருத்துவச் சோதனையில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். முன்கையின் உள்பக்கம் என்றால் விட்டிருப்போம், தோளில் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் கடைமுன் குந்தி அழுதான். "அப்பா பேராலயே போச்சேம்மா."

சோணைமுத்து தலையில் அடித்துக்கொண்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா தாயி? இப்பிடித் தெரியாமச் செஞ்சுட்டியே."

சாலையில் ஒரு ஜீப் வேகம் குறைத்தது. ஒச்சாயியின் கை முட்டையை உருட்டிக்கொண்டே இருந்தது.

சித்திரைத் திருவிழாவுக்கு லீவில் வந்த, இதே மைதானத்தில் ஓடிப் பழகிய சித்தார்த் என்கிற சிப்பாய் அவளுக்கொரு கம்பளிச் சால்வை கொண்டுவந்தான். அந்த நேரம் மருது கப்பலூரில் வேலையில் இருந்தான். ஒச்சாயி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். கூழ் குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் சித்தார்த் சொன்னான்:

"ரெண்டு வருசத்துக்கு முந்தி எங்கம்மா பேர தோள்ல குத்தப் போனேன். இந்த அத்ததான் கடைக்குள்ளயே வந்து கையப் புடிச்சு இழுத்தாக. 'தோள்ல குத்துனா மிலிட்டரில கழிச்சு விட்டுருவாங்கடா கிறுக்குப் பயலே, முன்கை உள்பக்கமா குத்து'ன்னு."