கருங்கோட்டை அரசியும் தடுப்புக் கம்பியும்

ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்பும் அந்தச் சலவைக்கூடத்தில் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் நடந்து வருவது காதில் விழாது. பேசுவதும் பாதிதான் விழும். போன் அடித்தால் திடுக்கிடுவாள். மேனேஜர் அறைக் கதவு திறந்தால், தான் என்ன தப்புச் செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். அப்படிப்பட்டவளைச் சூப்பர்வைசர் ஆக்கியதற்கு ஒரே காரணம்தான். பழைய சூப்பர்வைசர் திடுதிப்பென்று வேலையை விட்டுப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்காரர்கள் வேற்று மொழியில் அனுப்பும் மெயிலைப் படித்துப் பதில் போட, அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது.

அவளுக்குக் கீழே வேலை செய்தவர்கள் எல்லோரும் அவளைவிட வயதில் பெரியவர்கள். அதிலும் இஸ்திரி உருளையில் விரிப்புகளை விடுகிறவள், அவளுடைய சொந்த அண்ணி. அண்ணன் வீட்டில்தான் பூனை இருந்தாள். வீட்டில் அண்ணி சொல்வதைப் பூனை கேட்க வேண்டும். கூடத்தில் பூனை சொல்வதை அண்ணி கேட்க வேண்டும். இந்தத் தலைகீழ் ஏற்பாட்டை நினைத்து நினைத்து முதல் வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"உன்ன இனிமே மேடம்னு கூப்பிடணுமா?" என்று பஸ்ஸில் அண்ணி கேட்டாள்.

"ஐயோ, வேணாம் அண்ணி."

"அப்ப சரி. மேடம் ஆயிட்டா வீட்டுல பாத்திரம் கழுவ வர மாட்டியோன்னு பார்த்தேன்."

புதிய சூப்பர்வைசர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். உங்களுக்குப் பிடித்த தலைவர் யார், அவரிடம் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று பயிற்சி எடுத்தவர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒருவர் அப்பா என்றார், இன்னொருவர் தன் பழைய முதலாளி என்றார். தன் முறை வந்ததும் பூனை குனிந்து தன் பையைப் பார்த்தாள். பையில் ஒரு புத்தகம் இருந்தது. பஸ்ஸில் போகவர அவள் படித்துக்கொண்டிருந்த மாயக்கதைத் தொடரின் மூன்றாம் பாகம். பறக்கும் பல்லிகளை வளர்க்கும் கருங்கோட்டை அரசி என்று ஒருத்தி அதில் வருவாள். வேறு எந்த முகமும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராததால், பூனை அவளைச் சொல்லிவிட்டாள்.

"அவ காரணம் சொல்ல மாட்டா. திரும்பிப் பார்க்க மாட்டா. பயந்தாலும் வெளிய காட்ட மாட்டா."

பயிற்சியாளர் கைதட்டினார். "பிரமாதம். இனிமே என்ன செய்றதுன்னு தெரியாதப்ப, அந்த ராணி என்ன செய்வான்னு உங்களையே கேட்டுக்குங்க."

அவர் ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பார். ஆனால் பயந்தவளுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு கம்பி வேண்டியிருந்தது. பூனை அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் கழுத்தை நிமிர்த்தி நடந்தாள். கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல், அரசியைப் போல ஒரு மூச்சு நேரம் சும்மா பார்த்தாள். பார்க்கும்போது உள்ளே பயம்தான். வெளியே தெரியாது. துணி மடிக்கும் மேசையில் ரேடியோ என்று ஒருவர் இருந்தார். வாய் ஓயாது என்பதால் வந்த பெயர். அவரே அவளைப் பார்த்ததும் பேச்சை அணைத்துவிட்டார். பூனை என்ற பெயர் போய், முதுகுக்குப் பின்னால் மகாராணி என்ற பெயர் வந்தது.

இஸ்திரி உருளைக்கு அப்போது ஒரு கோளாறு இருந்தது. கொதிக்கும் பெரிய உருளைகளுக்கு நடுவே ஈர விரிப்பை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் மொடமொடவென்று வந்து விழும். விடுகிற பக்கத்தில் குறுக்காக ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை உள்ளே போகப் பார்த்தால் கம்பியில் படும். பட்டதும் இயந்திரம் டக்கென்று நின்றுவிடும். அந்தக் கம்பியின் ஸ்பிரிங் தளர்ந்துபோய், விரிப்பில் ஒரு மடிப்பு இருந்தால்கூட அது நிற்க ஆரம்பித்தது. நிற்கும்போதெல்லாம் அண்ணி வந்து சொல்வாள். வெளியே ஆஸ்பத்திரி வண்டிக்காரர் ஹாரன் அடிப்பார். மேனேஜர் கதவைத் திறப்பார்.

ஒருநாள் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அண்ணி மறுபடி வந்து நின்றாள். அந்த ராணி என்ன செய்வாள்? பூனை கழுத்தை நிமிர்த்தினாள்.

"மெஷின் நின்னுச்சுன்னு இனிமே யாரும் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. நிக்காம பார்த்துக்கிறது உங்க பொறுப்பு."

அண்ணி "சரி" என்று போய்விட்டாள்.

அன்றிலிருந்து மெஷின் நிற்கவில்லை. வண்டி நேரத்துக்குக் கிளம்பியது. மேனேஜர் கதவைத் திறந்து, "பரவாயில்லையே" என்றார். எப்படி நிற்காமல் ஓடுகிறது என்று பூனை கேட்கவில்லை. கேட்டால் தனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடும் என்று பயம்.

அந்தத் தொடரில் ஓடக்காரத் தளபதி என்று இன்னொருவன் வருவான். இரவுக்கிரவு இடம் மாறுகிற ஓர் ஆற்றைக் கடந்து படையைக் கூட்டிப்போக வேண்டியவன். அவனுக்குக் கை நடுங்கும். ஒவ்வொரு காலையிலும் தன் ஆட்களிடம் எனக்குப் பயமாக இருக்கிறது, நீ என்ன பார்த்தாய், நீ என்ன பார்த்தாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அந்த அத்தியாயங்கள் பூனைக்கு இழுவையாக இருந்தன. அரசி வரும் பக்கம்வரை புரட்டிவிடுவாள். நடுங்குகிற ஆளைப் பற்றிப் படிக்க அவள் புத்தகம் வாங்க வேண்டியதில்லை.

ஒரு காலை, மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தபோது காதில் ஏதோ குறைந்தது. டக் என்ற சத்தம் எத்தனை நாளாக இல்லை? மெக்கானிக் வந்ததாக யாரும் சொல்லவில்லையே. அவள் உருளைப் பக்கம் திரும்பினாள்.

தடுப்புக் கம்பியின் இரண்டு முனைகளும் சட்டத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. பழைய விரிப்பிலிருந்து கிழித்த விளிம்புத் துணி. மூட்டை கட்டும்போது அண்ணி போடுவாளே, அதே முடிச்சு. கம்பி இனி அசையாது. எது பட்டாலும் இயந்திரம் நிற்காது. அண்ணி ஒரு விரிப்பை உள்ளே விட்டு, ஓரத்துச் சுருக்கத்தை விரல் நுனியால் நீவிக்கொண்டிருந்தாள். விரல்கள் விரிப்போடு போய், உருளைக்கு ஒரு சாண் முன்னால் விலகின. அடுத்த விரிப்பில் அரைச் சாண்.

பூனை கத்த வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். கத்தினால் அண்ணி திரும்பிப் பார்ப்பாள். கை துணியோடு போகும். சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை நோக்கி நடந்தாள். ஓடினால் அதையும் பார்ப்பார்கள். வழியில் ஒரு தள்ளுவண்டி தொடையில் இடித்தது, வலிக்கவில்லை. பொத்தானை உள்ளங்கையால் அழுத்தினாள். இயந்திரம் முழுவதும் அடங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை.

கூடமே திரும்பிப் பார்த்தது.

"யாரு இதக் கட்டுனது?" குரல் அரசியின் குரலாக வரவில்லை. கிழிந்து வந்தது.

"நான்தான்," என்றாள் அண்ணி. "நிக்கக் கூடாதுன்னு நீதானே சொன்ன."

"இப்படிக் கட்டச் சொன்னேனா அண்ணி? கை போயிருந்தா? வீட்டுலயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"வீட்டுக்கும் அந்த மூஞ்சியத்தானே கொண்டு வர்ற. சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்தாலும் யாரையோ தூக்குல போடப்போற மாதிரி இருக்க. உன்கிட்ட யாரு பேசறது?"

ரேடியோ சிரிக்கப் பார்த்து, தொண்டையைச் செருமி மறைத்தார்.

வெளியே ஹாரன் அடித்தது. அந்த ராணி என்ன செய்வாள் என்று பழக்கதோஷத்தில் மனம் கேட்டது. முடிச்சுப் போட்டவளைப் பிடித்து நிறுத்துவாள். மேனேஜரும் அதைத்தான் கேட்பார். யார் என்று சொன்னால் அண்ணிக்கு வேலை போகும். சொல்லாமல் துணியை அவிழ்த்துவிட்டு மறுபடி ஓட்டினால், இன்றைக்கு மேனேஜருக்குத் தெரியாது. நாளைக்கு வேறு யாராவது கட்டுவார்கள்.

பூனை தன் கைகளைப் பார்த்தாள். வெளிப்படையாகவே நடுங்கிக்கொண்டிருந்தன. மறைக்க இடம் இல்லை.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள். "முதல் நாள்லேருந்தே பயம்தான். எனக்குத் தெரியாம இங்க வேற என்னவெல்லாம் இருக்கு? பார்த்ததச் சொல்லுங்க. யாரையும் திட்ட மாட்டேன்."

ரேடியோதான் மெல்ல ஆரம்பித்தார். "நீராவிக் குழாய் ஒழுகுதும்மா. துண்டு சுத்தி வச்சிருக்கோம்." பின்னால் இருந்து இன்னொருவர், பெரிய தள்ளுவண்டிக்குப் பிரேக் இல்லை என்றார். சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால் ஈரம் என்று ஒரு குரல். சொல்லச் சொல்லப் பூனைக்குக் காது அடைத்தது. இத்தனைக்கும் நடுவே கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறாள்.

மேனேஜர் கதவைத் திறந்தார். "ஏன் நிக்குது?"

"நான்தான் நிறுத்தினேன் சார். தடுப்புக் கம்பிய சரி பண்ணாம ஓட்ட முடியாது. கட்டி வச்சு ஓட்டியிருக்கோம்."

"கட்டி வச்சா? யாரு கட்டுனது?"

அண்ணி ஒரு அடி முன்னால் வந்தாள். பூனை திரும்பிப் பார்க்காமலே அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நிக்கவே கூடாதுன்னு நான் உத்தரவு போட்டேன் சார். அதுக்கு அவங்க வேற என்ன செய்ய முடியும்? குழாயும் ஒழுகுது. சுவிட்ச் பெட்டிக்குப் பின்னால ஈரம். அதையும் பார்க்கச் சொல்லணும்."

மேனேஜர் அவளையும் கம்பியில் இருந்த முடிச்சையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆஸ்பத்திரிக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க. சாயங்காலம் என் ரூமுக்கு வாங்க," என்று கதவை மூடிக்கொண்டார்.

பூனை போன் செய்தாள். எதிர்முனைப் பெண் அந்த வேற்று மொழியில் கத்தியதை எல்லாம் வாங்கிக்கொண்டு, அதே மொழியில் மன்னிப்புக் கேட்டாள். உருளைக்குப் போகாத விரிப்புகளைக் கயிற்றில் காயப்போட்டு, அவளும் சேர்ந்து கையாலேயே மடித்தாள். பாதி வண்டிதான் நிறைந்தது. சாயங்காலம் மேனேஜர் தன் அறையில், ஒரு மாதம் பார்க்கிறேன், சரிப்படாவிட்டால் பழையபடி துணி பிரிக்கும் மேசைக்குப் போக வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

அண்ணி வாசலில் காத்திருந்தாள். "என்ன சொன்னாரு?"

"ஒரு மாசம் பார்ப்பாராம்."

"என்னைப் பத்தி?"

"ஒண்ணும் கேக்கல."

பஸ்ஸிலிருந்து இறங்குவதற்கு முன்னால் அண்ணி, "இன்னைக்குப் பாத்திரம் நான் கழுவிக்கிறேன். நீ உக்காரு," என்றாள்.

மெக்கானிக் வந்து புது ஸ்பிரிங் போட்டார். அதற்குப் பிறகும் இயந்திரம் நிற்கத்தான் செய்கிறது. துணி மடிந்தால் அல்ல, கை உண்மையாகவே கிட்டத்தில் போனால். டக் என்ற சத்தம் கேட்டதும் பூனை இன்றைக்கும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். ஓடி வருகிறவளைப் பார்த்து, உருளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குவாள். விரல்களை விரித்து ஆட்டிக் காட்டுவாள்.

"பத்தும் இருக்கு மகாராணி. எண்ணிக்கோ."

பூனை எண்ணிவிட்டுத்தான் இயந்திரத்தை ஓட்டும் பொத்தானைப் போடுவாள்.