செண்பகத்தின் அத்தியாயம்

போன செவ்வாய்க்கிழமை காலை அடையாறில் பல் மருத்துவரிடம் காத்திருந்தபோது ராகவனிடமிருந்து போன் வந்தது. மயிலாப்பூரில் நம் வாசகர் வட்டத்தை நடத்திவரும் அதே ராகவன்தான். "செண்பகம் போயிட்டா, தெரியுமோ? காலம்பற வேலைக்குக் கிளம்பிண்டு இருந்திருக்கா. நெஞ்சு வலிக்கறதுன்னு உட்கார்ந்தவ அப்படியே சாய்ஞ்சுட்டா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அடுத்த கூட்டத்துல நீர் ரெண்டு வார்த்தை பேசணும். உம்ம நாவலைத்தானே அவ அத்தனை தடவை படிச்சா" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று ராகவனுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நின்று பேசினால் பாதியை விழுங்கிவிடுவேன் என்று பயந்து எழுதி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

பின்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருப்பாரே, அவர்தான் செண்பகம். தியாகராய நகரில் ஒரு பெரிய துணிக்கடையின் பட்டுப் பிரிவில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தார். சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். மேற்கு மாம்பலத்தில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் அலைமோதும்; இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு கடைப் புடவையிலேயே நம் கூட்டத்துக்கு வருவார். முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். காப்பிக்கு நின்று நான் பார்த்ததில்லை.

பாண்டிய அரசவையை வைத்து நான் எழுதிய நாவலுக்கு இந்த வட்டம் ஒரு விமர்சனக் கூட்டம் நடத்தியது நினைவிருக்கும். மொழிநடையைப் பற்றி ஒருவர் அரை மணி நேரம் பேசினார். போர்க்களக் காட்சி போதாது என்றார் இன்னொருவர். இளவரசியை எதிரி நாட்டுக்கு மணமுடித்துக் கொடுக்கலாமா என்று அமைச்சர்கள் விவாதிக்கும் இடம்தான் நாவலின் உச்சம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். நான் மிதந்துகொண்டிருந்தேன். கடைசியில் ராகவன், "வேற யாராவது?" என்று கேட்டபோது செண்பகம் எழுந்தார்.

"கதை நல்லாருக்கு சார். ஒண்ணே ஒண்ணு. காலையில ஆரம்பிச்ச சபை பொழுது சாயுற வரைக்கும் நடக்குது. ராஜா, மந்திரியெல்லாம் உட்கார்ந்திருக்காங்க. சாமரம் வீசுற பொண்ணு நின்னுக்கிட்டே இருக்கா. உங்க அரண்மனையில யாருக்குமே கால் வலிக்கலையே சார்?"

நான் மைக்கை வாங்கி, "அம்மா, இது பாண்டியன் சபை. துணிக்கடை இல்லை" என்றேன். அரங்கமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். செண்பகமும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். சிரிப்பு அடங்கியதும் அவர் குனிந்து பையில் எதையோ தேடுவது தெரிந்தது. வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து என் பெண்ணின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நானும் மனைவியும் அந்தக் கடைக்குப் போனோம். அவர் அங்கேதான் வேலை பார்க்கிறார் என்பதை மறந்தே போயிருந்தேன். "வாங்க சார், வாங்கம்மா" என்று வரவேற்று, நாங்கள் கேட்காமலே என் மனைவிக்கு நாற்காலி போட்டார். இரண்டரை மணி நேரம் புடவை புடவையாகப் பிரித்து, தோளில் போட்டுக் காட்டி, மடித்து வைத்தார். நடுவில் ஒரு காலைச் செருப்பிலிருந்து உருவி மற்றக் காலின் கெண்டைச் சதையில் தேய்த்துக்கொண்டார். பின்னால் ஸ்டூல் இருந்தது. "நீங்களும் கொஞ்சம் உட்காரலாமே" என்றாள் என் மனைவி.

"இப்பத்தான் சட்டம் வந்து ஸ்டூல் போட்டாங்கம்மா. கஸ்டமர் முன்னாடி எப்படி உட்கார்றது?" என்றார் செண்பகம், முந்தானையை விரித்தபடியே.

மறுநாள் காலை நாவலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாம் பதிப்புக்காக ஒரு புதிய அத்தியாயம் எழுதினேன். அதே சபை, அதே விவாதம். சாமரம் வீசும் பெண் பார்ப்பதாக. ஒரு காலிலிருந்து மறு காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டு, வலியோடு வலியாக, ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஆண்கள் பேசித் தீர்ப்பதை அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகு வந்த எல்லா மதிப்புரைகளும் அந்த அத்தியாயத்தைத்தான் கொண்டாடின. உங்களில் எத்தனை பேர் அதற்காக என் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் பதிப்பின் வெளியீட்டு விழாவில் ஒரு கல்லூரி மாணவி எழுந்து, அந்தச் சாமரப் பெண் எங்கிருந்து வந்தாள் என்று கேட்டாள். செண்பகம் நான்காவது வரிசையில் இருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டேதான் பதில் சொன்னேன். ஒரு பழைய கல்வெட்டில் அரண்மனைப் பணிப்பெண்களின் பெயர்களைப் பார்த்ததாகவும், அங்கிருந்து அவள் முளைத்ததாகவும் சொன்னேன். அப்படியொரு கல்வெட்டை நான் பார்த்ததே இல்லை.

விழா முடிந்து கையெழுத்துக்காக வரிசையில் வந்தார். "சாமரக்காரி நல்லா வந்திருக்கா சார். ஒண்ணு சொல்லலாமா? சபை முடிஞ்சதும் அவ விறுவிறுன்னு நடந்து போறா. அவ்வளவு நேரம் நின்ன கால் உடனே நடக்காது சார். முதல் ரெண்டு மூணு அடி தாங்கித் தாங்கித்தான் வைக்கணும்" என்றார்.

பக்கத்தில் பதிப்பாளர் நின்றிருந்தார். நான் புத்தகத்தைத் திறந்து, பேனாவை வைத்துக்கொண்டு, "பேர் என்னம்மா?" என்று கேட்டேன்.

மூன்று வருடமாகத் தெரிந்த பெயர். அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "செண்பகம் சார்" என்றார். எழுதிக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகும் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார். எனக்கு வணக்கம் சொல்லாமல் ஒருநாளும் போனதில்லை. அவர் கண்ணில் படாமல் இருக்க நான்தான் சீக்கிரம் கிளம்பப் பழகிக்கொண்டேன்.

செவ்வாய் மதியம் மேற்கு மாம்பலத்துக்குப் போனேன். அவருடைய மகள் கவிதா வேளச்சேரியிலிருந்து வந்திருந்தாள். என் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் அந்த ரைட்டரா சார்? 'நான் சொன்னதைக் கேட்டு ஒரு ரைட்டர் புக்கையே மாத்தி எழுதினாரு'ன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லும். கடையில யாரும் நம்பல. புக்ல அம்மா பேரே இல்லியேன்னு நானே கேட்டிருக்கேன். 'பேர் எதுக்குடி, அவர் கேட்டாருல்ல, அது போதும்'னு சொல்லும்." பிறகு தயங்கி, "நெஜமாவே அம்மா சொல்லித்தான் எழுதினீங்களா?" என்றாள்.

"ஆமாம்மா. அது உங்க அம்மா சொன்னதுதான்."

கவிதா அழவில்லை. "ஒரே ஒரு தடவை கடைக்கு வந்து அதைச் சொல்லியிருக்கலாமே சார்" என்றாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட எழுந்து போனாள்.

வியாழக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். மூன்றாவது மாடியில் பட்டுப் பிரிவில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். நான் யார் என்று சொல்லி, புத்தகத்தைப் பிரித்து அந்த அத்தியாயத்தைக் காட்டினேன். செண்பகம் அன்று விமர்சனக் கூட்டத்தில் கேட்டதையும், அதற்கு நான் சொன்ன பதிலையும் சொன்னேன். "இன்னா சார் சொல்றீங்க, நெஜமாவா?" என்றார் புடவை மடித்துக்கொண்டிருந்தவர். "அக்கா சும்மா பில்டப் கொடுக்குதுன்னு எத்தினி வாட்டி ஓட்டிக்கீறோம்." பக்கத்தில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் ஒரு குடும்பம் வந்துவிட்டது. எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

செண்பகத்திடமிருந்து வந்து என்னிடம் இருப்பது அந்த அத்தியாயத்தின் பதினான்கு பக்கங்கள். அவற்றை என்னுடையவை என்று இத்தனை நாள் வைத்திருந்தேன். அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தின் தலைப்பில் அவர் பெயர் இருக்கும். அதைப் பார்க்க அவர் இருக்க மாட்டார். அந்த வெட்கம் எனக்குக் கடைசிவரை இருக்கும், இருக்கட்டும். உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இனி யாருக்காவது அந்த அத்தியாயத்தைப் பாராட்டத் தோன்றினால் என்னிடம் சொல்லாதீர்கள். கவிதாவின் எண்ணை ராகவனிடம் கொடுத்திருக்கிறேன். அவளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.