குண்டுப்பெட்டி வரவழைத்தவன்

இரும்புக் கடைக்காரனுக்கு வேறு ஆசை வரக் கூடாது. வந்தாலும் அது கப்பலேறி வருகிற ஆசையாக இருக்கக் கூடாது.

திருவனந்தபுரம் சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் ஆணி, கீல், தாழ்ப்பாள் விற்கிற கடை எனக்கு. திருநெல்வேலியிலிருந்து வந்து அப்பா போட்ட கடை. யுத்தத்துக்கு முந்தின ஆறு வருஷத்தில் அதன் பின்கட்டில் ஐந்து அமெரிக்கப் பின்பால் மேஜைகளை வரவழைத்து நிறுத்தினேன். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சாய்வான மேஜை, மேலே கண்ணாடி, உள்ளே ஆணி வரிசைகள், நடுநடுவே குழிகள். காசு போட்டு ஸ்பிரிங் கம்பியை இழுத்து விட்டால் எஃகுக் குண்டு மேலே ஏறி, ஆணிகளில் முட்டி முட்டி இறங்கி, அதிர்ஷ்டமிருந்தால் ஏதாவது ஒரு குழியில் விழும். குழிக்கு ஏற்ற எண் உங்களுக்கு. சாலையில் இதற்குக் குண்டுப்பெட்டி என்று பேர்.

வெளிதேசச் சாமானுக்கு எழுதிப் போட்டுவிட்டுத் தினமும் தபால்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு என் கஷ்டம் புரியும். உங்களுக்குச் சேதமானது சாமான் மட்டுமாக இருந்தால் நீங்கள் பாக்கியசாலிகள். எனக்குச் சேதமானது பாக்கியநாதன். நாகர்கோவில்காரன், டைப்ரைட்டர் ரிப்பேர் தெரிந்தவன், என்னைவிட நாலு வயது இளையவன். பெட்டிகளை ஓட வைத்தது அவன்தான். அவனை எப்படி இழந்தேன் என்பதையும் வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

புதுசு

முதல் பெட்டியைக் கண்டது கொழும்பில், ஒரு ஹோட்டல் வராந்தாவில். கம்பி வாங்கப் போனவன் இரண்டு நாள் கம்பியை மறந்தேன். பெட்டியின் அடியில் பித்தளைத் தகட்டில் இருந்த விலாசத்தைப் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்து, கடிதம் போட்டேன். மூன்று மாதம் கழித்து கேட்லாக் வந்தது. அதில் நான் கண்ட பெட்டி இல்லை. அதைவிட அழகானது இருந்தது. அதற்கு எழுதினேன். அது வந்து சேர்ந்தபோது கூடவே புதுக் கேட்லாக்கும் வந்தது. என் பெட்டி அதில் இல்லை. அங்கே அது பழசாகிவிட்டதாம்.

இப்படித்தான் ஐந்து தடவையும். புதுசு வேண்டும், புதுசு வேண்டும் என்று நான் தவித்ததெல்லாம் பழசாகித்தான் என் கைக்கு வந்தது. கேட்லாக்கை வைத்துக்கொண்டு நான் பெருமூச்சு விடுவதைப் பார்த்த பாக்கியநாதன் சொன்னான்: "நமக்கு இண்ணைக்குத்தானே வந்திருக்கு அண்ணாச்சி, நமக்கு இது புதுசுதான். அந்தப் புஸ்தகத்தத் தூரப் போடுங்க."

சுங்கத்தில்

கொச்சித் துறைமுகத்தில் பெட்டியை எந்த இனத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை. மரச்சாமான் என்றார் ஒரு குமாஸ்தா. விளையாட்டுச் சாமான் என்றார் இன்னொருவர். உள்ளே கம்பியும் ஸ்பிரிங்கும் இருப்பதால் இயந்திரம் என்றார் மூன்றாமவர். மூன்று பேருக்கும் ஒத்துப்போகும் வரை பெட்டி ஷெட்டில் கிடந்தது. நான் மூன்று தடவை கொச்சிக்குப் போய் வந்தேன். கடைசியில் ஒரு மேலதிகாரி, மலையாளி, பெட்டியைத் திறக்கச் சொல்லி என்னையே விளையாடிக் காட்டச் சொன்னார். அவர் முன்னால் ஒரு குண்டுகூடக் குழியில் விழவில்லை.

"விழுந்தால் என்ன கிட்டும்?" என்று கேட்டார். ஒன்றும் கிடைக்காது, எண் மட்டும்தான் என்றேன். சூதாட்டச் சாமான் என்று சந்தேகப்பட்டவருக்கு இப்போது என் புத்தியின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. முத்திரை குத்தும்போது கேட்டார்: "ஒண்ணும் கிட்டாதெங்கில் பின்னே எதுக்காணு பிள்ளே, இத்தர தூரத்திலிருந்நு கொண்டு வருந்நது?"

வள்ளத்தில்

கொச்சியிலிருந்து பெட்டி வள்ளத்தில் காயல் வழியாக வரும். இரண்டாவது பெட்டிக்காக நானும் பாக்கியநாதனும் வள்ளக்கடவில் காத்திருந்தோம். வள்ளம் வந்தது. என் பெட்டியின் மேல் அடுப்பு, அடுப்பின் மேல் மீன் சட்டி. மூன்று நாள் சமையல் அதன் மேல்தான் நடந்திருக்கிறது. 'இந்தப் பக்கம் மேலே' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்த பக்கம் கீழே இருந்தது.

கண்ணாடி நாலாக உடைந்திருந்தது. நான் கத்தினேன். வள்ளக்காரர் கோபப்படவில்லை. சாலையில் கண்ணாடி வெட்டிப் போட்டு, மீன் வாடை போக பாக்கியநாதன் எலுமிச்சம்பழத்தால் தேய்த்தான். அந்தப் பெட்டி மழைக்காலத்தில் இன்றும் லேசாக மணக்கும். வள்ளக்காரர் அன்று சொன்னது: "நல்ல பலமுள்ள பெட்டி சாரே, அடுப்பு கொஞ்சமும் ஆடியில்ல."

வாஷர்

அமெரிக்கக் காசுக்கென்று செய்த துவாரத்தில் நம் திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு போய் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டது. பாக்கியநாதன் இரண்டு நாள் உட்கார்ந்து அந்த வழியை அராவிச் சரிசெய்தான். அதன்பின் சக்கரம் விழுந்தது. சக்கரம் மட்டுமல்ல, எது போட்டாலும் விழுந்தது. ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் பாதிக்குப் பாதி இரும்பு வாஷர்.

பக்கத்துப் பலசரக்குக் கடை அண்ணாச்சி தினமும் மத்தியானம் வந்து விளையாடுகிறவர். அவரிடம் நைசாகக் கேட்டேன். மறைக்கவே இல்லை. "வேற எங்கயும் போய் வாங்கலியே, எல்லாம் உம்ம கடை வாஷருதானே!"

சந்தனம்

ஆயுத பூஜையன்று எங்கள் கடையில் தராசு, படிக்கல், சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. மூன்றாவது பெட்டி வந்த வருஷம் பக்தி கொஞ்சம் கூடிவிட்டது. கண்ணாடியைக் கழற்றி ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு பொட்டு வைத்தேன். குண்டுகளைச் சந்தனத்தில் முக்கி எடுத்தேன். ஸ்பிரிங்குக்கும் தாராளமாகத் தடவினேன். மறுநாள் காய்ந்து கெட்டியாகிவிட்டது. கம்பியை இழுத்தால் திரும்பிப் போகவில்லை. குண்டு நகர மாட்டேன் என்றது.

பாக்கியநாதன் வேதக்காரன், கிறிஸ்தவன். எங்கள் பூஜையைப் பற்றி ஒரு வார்த்தை கேலி பேசியதில்லை. மண்ணெண்ணெயும் கோழியிறகும் வைத்துக்கொண்டு மூன்று நாள் அந்த ஆணிகளை ஒன்றொன்றாகத் துடைத்தான். எழுந்து முதுகை நிமிர்த்திக்கொண்டு சொன்னது இவ்வளவுதான்: "அடுத்த வருசம் வெளிய ஒரு பொட்டு போதும் அண்ணாச்சி. உள்ள இருக்கிறத நான் பாத்துக்கிடுதேன்."

பத்துக் குண்டு

ஐந்தாவது பெட்டிக்குத்தான் நான் அதிகம் ஆசைப்பட்டேன். பேட்டரியில் விளக்கெரியும், மணியடிக்கும். யுத்தம் வரப்போகிறது, இதுதான் கடைசிக் கப்பலாக இருக்கும் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த சமயம். அது வந்து சேர்ந்த அன்று நான் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலியில் இருந்தேன். நான் வரும்வரை திறக்க வேண்டாம் என்று பாக்கியநாதனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தேன். மழையில் பெட்டி நனைந்துவிட்டது. துருப்பிடிக்குமே என்று அவன் திறந்து, துடைத்து, மேஜையை நிறுத்தி வைத்திருந்தான்.

நான் வந்து பார்த்தேன். எல்லாம் இருந்தது, குண்டு மட்டும் இல்லை. கூட வந்த காகிதத்தில் பத்துக் குண்டு என்று அச்சாகியிருந்தது. "பெட்டிக்குள்ள இல்ல அண்ணாச்சி, நானும் தேடிப் பாத்தாச்சு" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. இரண்டு வாடிக்கைக்காரர்கள் முன்னால், "திறந்தவன் நீ. இல்லைங்கறவனும் நீ. அப்போ நான் யாரைக் கேக்கது?" என்றேன். அவன் கையிலிருந்த துணியை மடித்து மேஜையின் ஓரத்தில் வைத்தான். பிறகு சொன்னான்: "நீங்க கேக்கல்லியே அண்ணாச்சி, சொல்லிட்டியளே."

திரும்பி வந்த பத்து

அன்று போன பாக்கியநாதன் ஒன்பதாம் நாள்தான் கடைக்கு வந்தான். ஒரு துணிப்பையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தான். அவிழ்த்துப் பார்த்தால் பத்துக் குண்டு, பளபளவென்று. எனக்கு மனசுக்குள் எல்லாம் தெளிவாகிவிட்டது போலிருந்தது. எடுத்தவன் பயந்துபோய்த் திருப்பிக் கொடுக்கிறான், பாவம், மானத்தை வாங்க வேண்டாம் என்று நினைத்தேன். பெரிய மனசு பண்ணி, "கிடைச்சிட்டுல்லா, போகட்டும். எங்க இருந்துதுன்னு நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றேன்.

என் ஆயுளில் நான் காட்டிய தாராளங்களில் இப்போது நினைத்தால் கூசுவது அந்த ஒன்றுதான். அவன் முகம் சட்டென்று வெளுத்துப்போனது. செருப்பை மாட்டிக்கொண்டான். படியிறங்கும்போது திரும்பாமலேயே சொன்னான்: "கேட்டிருக்கலாம்."

கொலுப்படி

அந்தக் குண்டுகளை வைத்து ஒரு வருஷம் விளையாடினோம். விளக்கெரிந்தது, ஆனால் மணி அடிக்கவே அடிக்காது. மணியடிக்க வேண்டிய இடத்தைக் குண்டு நழுவி நழுவித் தாண்டிப் போகும். அமெரிக்காக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கோபமாக ஒரு கடிதமும் எழுதினேன். யுத்தத்தில் அது போய்ச் சேர்ந்ததோ என்னவோ.

மறு வருஷம் நவராத்திரி. கடைசிப் பெட்டி வந்தபோது அதன் பேக்கிங் பலகைகளை நானேதான் வண்டியில் ஏற்றி வலியசாலையில் இருக்கிற வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். நல்ல மரம், கொலுப்படிக்கு ஆகும் என்று என் மனைவி கோமதி கேட்டிருந்தாள். திருநெல்வேலியிலிருந்து இறங்கிய கையோடு முதலில் செய்த வேலை அது. குண்டைத் தேடினது அதற்குப் பிறகு. போன வருஷம் அவசரத்தில் அப்படியே செங்கல் மேல் அடுக்கி வேட்டி விரித்துக் கொலு வைத்தாயிற்று. இந்த வருஷம் கோமதி பலகைகளைக் கழுவப் புரட்டினாள். மூடிப் பலகையின் உள்பக்கம், மூலையில், மர நிறத்திலேயே ஒரு கெட்டிக் காகிதப் பை. நாலு சின்ன ஆணி அடித்து ஒட்டினாற்போல் இருந்தது. கிழித்தால் பத்துக் குண்டு.

நான் கடைக்கு ஓடினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாக்கியநாதன் கொண்டுவந்தது ஒரு நூல் சின்னது. உற்றுப் பார்த்தால் கடைசல் பிடித்த கோடு தெரிந்தது. ஆரியசாலையில் இருக்கிற கடைசல் பட்டறைக்குப் போய்க் கேட்டேன். ஆமாம், எட்டு நாள் சாயங்காலம் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, இரும்புக் கம்பியில் கடைந்து, ஒவ்வொன்றாக உப்புத்தாளில் தேய்த்து உருட்டினான் என்றார்கள். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இல்லாததைச் செய்து கொண்டுவந்தான். என் ஆசைப்பெட்டி ஓட வேண்டுமே என்று, நான் அப்படிச் சொன்ன பிறகும்.

வீட்டுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோமதி ஈரப் பலகையைச் சுவரில் சாத்திவிட்டு, "போன வருசம் கொலு பாக்க பாக்கியநாதன் வீட்டுப் பொம்பளையும் வந்தா. இந்தப் பலகை முன்னாலதான் உக்காந்து சுண்டல் தின்னா" என்றாள்.

டீ

பாக்கியநாதன் அதன்பின் என் கடைக்கு வரவில்லை; புளிமூட்டுப் பக்கம் ஒரு டைப்ரைட்டர் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் எழுந்து, தன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். டீக்குச் சொல்லி அனுப்பினான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று நின்ற இரண்டு வாடிக்கைக்காரர்களையும் கூட்டி வைத்துச் சொல்கிறேன் என்றேன். தப்பு என்னுடையது, திரும்பி வா என்றேன்.

அவன் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கம்பெனிக் குண்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "எடை கூடுதல். இது மணியடிக்கும்" என்றான். சந்தோஷமாகவே சொன்னான். அதில் குத்தல் இல்லை, கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது செய்திருக்கலாம். ஆறு வருஷம் மூச்சுக்கு மூச்சு அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாய், டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னது: "சார் இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு. ஆறிப் போகுது, குடிங்க சார்."

அமெரிக்காவிலிருந்து வருகிற பெட்டிக்காக ஆறு மாதம் வாய் திறக்காமல் காத்திருக்கத் தெரிந்த நான், எதிரில் நின்ற மனிதன் பதில் சொல்ல ஐந்து நிமிஷம் காத்திருக்கவில்லை என்பதுதான் என் இறக்குமதி வியாபாரத்தின் மொத்த லாபம்.